வாட்டர் சர்வீஸ் வேறு, டீடெய்லிங் வேறு: ட்ரெய்லர் லாரிக்கு உண்மையில் என்ன செய்கிறார்கள்?

"நேத்துதான் வாட்டர் சர்வீஸ் விட்டேன் தம்பி, மறுபடியும் இன்னாத்துக்கு?"

வடசென்னை மணலியில் நான் வேலை பார்க்கும் ஷெட்டுக்கு முதல் தடவை வரும் டிரைவர் அண்ணன்கள் அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று செய்வேன். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கழுவிக் காய்ந்த கேபின் கதவில் அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பேன். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். நேற்றுக் கழுவிய வண்டிதான், பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அழுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால் டீடெய்லிங் பாதி புரிந்த மாதிரி. இன்று இந்தச் சொல்லை அவரவர் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நுரை அடித்துக் கழுவினாலும் டீடெய்லிங், டயருக்குக் கறுப்பு பூசினாலும் டீடெய்லிங், டேஷ்போர்டில் எண்ணெய் தடவினாலும் டீடெய்லிங். சில ஓனர்கள் இதைக் கார்க்காரர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் துரு கிளம்பியதும் ஏமாந்துவிட்டோம் என்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் யாரும் விஷயத்தை உட்கார வைத்து விளக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

## முதலில், எந்த வண்டி?

அமெரிக்காவில் செமி டிரக் என்று சொல்வது நம் ஊர் ட்ரெய்லர் லாரி. இரண்டு துண்டாக வரும் வண்டி. முன்னால் இன்ஜினும் கேபினும் உள்ள இழுவை வண்டி. நம் ஆட்கள் அதை ஹார்ஸ் என்பார்கள். பின்னால், முன்சக்கரமே இல்லாத ட்ரெய்லர். ட்ரெய்லரின் முன்பாரம் ஹார்ஸின் முதுகில் இருக்கும் தட்டின் மேல் உட்காருகிறது. அந்தத் தட்டுக்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர்.

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வழக்கமான 18 சக்கர வண்டியில் ட்ரெய்லர் பெரும்பாலும் மூடிய பெட்டி. அங்கே கழுவுவது ஒரு தொழில், டீடெய்லிங் இன்னொரு தொழில். 1973-இல் கான்சாஸ் மாநிலத்தின் சலைனா ஊரில் ஆரம்பித்த புளூ பீக்கன் என்ற நிறுவனம் டிரக் கழுவுவதையே தொழிலாக ஊர் ஊராகச் செய்கிறது. அலுமினிய டேங்க்கைக் கண்ணாடி போல ஆக்கித் தருவதும், குரோம் பாகங்களைப் பராமரிப்பதும் வேறு கைகளின் வேலை.

நம்ம பக்கம் நிலைமை வேறு. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் பெரும்பாலும் வெறும் இரும்புச் சட்டம். அதன் மேலே ஏறும் கன்டெய்னரோ, லாரி ஓனருடையதே இல்லை, கப்பல் கம்பெனியின் வழியாக வருவது. யார்டில் கிரேன் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் வடசென்னையில் லாரி டீடெய்லிங் என்றால் ஹார்ஸ், ட்ரெய்லர் சட்டம், கேபின் உள்பகுதி, இவ்வளவுதான். 40 அடி கன்டெய்னரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம்.

## அழுக்கு மூன்று வகை

லாரியை விடுங்கள், வீட்டு அடுப்படிக்கு வாருங்கள்.

மேடையில் கோதுமை மாவு சிந்திக் கிடக்கிறது. துணியால் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்த பிசுக்கு அப்படிப் போகாது. சோப்புத் தண்ணீரில் ஊறவேண்டும். மூன்றாவதாக, பூஜை அறைப் பித்தளை விளக்கு கறுத்துப் போயிருக்கிறது. அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து விளக்கின் மேல் விழுந்ததல்ல, பித்தளையின் மேற்பரப்பே மாறிப்போன நிலை. சோப்புப் போட்டு எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

லாரியிலும் இதே மூன்றுதான். மேலே கிடப்பது, ஒட்டிக்கொண்டது, பரப்பே கெட்டுப்போனது. வாட்டர் சர்வீஸ் முதல் வகையைத் தீர்க்கும், நன்றாகவே தீர்க்கும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சேறும் மண்ணும் போகாமல் அடுத்த வேலை எதுவும் நடக்காது. ஆனால் துணியில் விழுந்த அந்தச் சாம்பல் கோடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. டீசல் கரி, ரோட்டில் இருந்து எழும் எண்ணெய் ஆவி, ரப்பர் தூள், நுண்ணிய தூசி எல்லாம் கலந்து ஒரு மெல்லிய படலமாகப் பெயிண்டை மூடியிருக்கும். இதை ரோடு ஃபிலிம் என்கிறோம்.

அவ்வளவு பிரஷரில் தண்ணீர் அடித்தும் இது ஏன் போகவில்லை? வீட்டு மின்விசிறியைப் பாருங்கள். நாள் முழுக்கச் சுற்றுகிறது, ஆனாலும் இறக்கையில் தூசி கெட்டியாகப் படிகிறது. காற்றோ தண்ணீரோ எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் அதன் வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யம். பெரிய மண் துகள் அந்த அடுக்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அடித்துக்கொண்டு போகும். ரோடு ஃபிலிம் அந்த அடுக்குக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. பிரஷரைக் கூட்டினால் பெயிண்ட் உரியும், படலம் அப்படியே இருக்கும்.

இதுவரை பார்த்தது: அழுக்கில் மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்தப் பரப்பில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்து, பரப்புக்குக் கெடுதல் இல்லாமல் அதை எடுத்து, மறுபடி சீக்கிரம் ஒட்டாதபடி காப்பு போடுவதுதான் டீடெய்லிங்.

## எண்ணூர்க் காற்று என்ன செய்கிறது

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். நம் வண்டிகளின் பிரச்சினை நாமக்கல் வண்டிகளின் பிரச்சினை அல்ல.

எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே போகிறது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, பல இடங்களில் பாறாங்கல் கொட்டிய கரைக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வண்டிகள் அந்தச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கொண்டுவந்து வண்டி மேல் போடுகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும்.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறக்கிற எல்லாருக்கும் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு கரைய ஆரம்பிக்கும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடுகிறது. அதாவது மழையே பெய்யாவிட்டாலும், கழுவாமல் நிற்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் இரவு முழுக்க ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் போர்வைக்குள் கிடக்கிறது. காலையில் காய்ந்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

துரு என்பது இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நடத்தும் வேலை. சுத்தமான தண்ணீரில் அது மெதுவாக நடக்கும். உப்புக் கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதும் ஒரு குட்டி பேட்டரி போன்ற மின்வேதி நிகழ்வு என்பதால், உப்பு அந்த வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடுகிறது. காசிமேட்டில் இரும்புப் படகு வைத்திருப்பவர்கள் கரையேற்றிச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடிக்காமல் கடலுக்கு விடமாட்டார்கள். அதே காற்றில் நிற்கும் லாரிக்கு நாம் அந்தக் கவனத்தில் கால்வாசிகூடக் கொடுப்பதில்லை.

அடுத்தது சாம்பல். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்ததே முதலில் அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரிக்காகத்தான். பக்கத்தில் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம். நிலக்கரி எரிந்து பறக்கும் சாம்பல் மாவு மாதிரி மென்மையாகத் தெரியும். நுண்நோக்கியில் பார்த்தால் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் கலந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். காய்ந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கேபினை ஒரு துடைப்புத் துடைத்தால், பெயிண்டின் மேல் அந்தக் கண்ணாடித் தூளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல் தெரிகிறதே, அது அப்படி வந்ததுதான். அக்கறையோடு தினமும் வண்டியைத் துடைக்கும் டிரைவரின் வண்டியில்தான் இந்தக் கீறல் அதிகம் என்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும் விஷயம். முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி. இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டாலே போதும்.

## சோப்பில் என்ன இருக்கிறது

எண்ணெயும் தண்ணீரும் சேராது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனை. ஒன்றுக்குத் தண்ணீர் பிடிக்கும், மற்றதுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் பிடிக்கும் முனைகள் பிசுக்கைக் குத்திக்கொண்டு சுற்றி வளைக்க, மறுமுனைகள் தண்ணீரோடு போக, பிசுக்கு பரப்பை விட்டுக் கிளம்பிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காய் செய்வதும் இதே வேலைதான்.

எல்லாச் சோப்பும் ஒரே வீரியம் கிடையாது. அமிலமா காரமா என்பதை அளக்கும் அளவுகோலுக்கு பிஎச் என்று பெயர். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பெயிண்டுக்கும் ரெக்ஸினுக்கும் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. கிரீஸும் கரியும் படிந்த சேஸிஸுக்குக் காரம் கூடிய சோப்பு வேண்டும், 12-க்குப் பக்கத்தில்கூட இருக்கும். தண்ணீர் காய்ந்து கண்ணாடியில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு மென்மையான புளிப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவிட்டது என்பது பழைய கதை. அந்த போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால், நாமே வண்டிக்கு உப்பு பூசுகிறோம்.

இங்கேதான் அலுமினியம் வருகிறது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போம். ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருப்பார். காரணம் இதுதான்: அலுமினியம் காற்று பட்டதுமே தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போட்டுக்கொள்ளும். அந்தத் தோல்தான் அதற்குக் கவசம். வலுவான அமிலமும் அந்தத் தோலைக் கரைக்கும், வலுவான காரமும் கரைக்கும். இரண்டு பக்கமும் ஆபத்துள்ள உலோகம் இது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சித்திரை மாத உச்சி வெயிலில், சேஸிஸ் சோப்பை ஒரு வண்டியின் அலுமினிய டீசல் டேங்க்கிலும் அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டேங்க் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒன்றரை நாள் பாலிஷ் போட வேண்டியிருந்தது. வண்டிக்காரரின் ஒரு டிரிப் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

அலுமினியத்தைப் பளிச்சென்று ஆக்கும் என்று சொல்லி விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டதும் பெரிய எரிச்சல் இல்லாமல் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் விஷம் அது. உயிரே போகலாம். வெறுங்கையால் வேலை செய்யும் பையன்கள் இருக்கும் ஷெட்டில் அது இருக்கவே கூடாது. எவ்வளவு பளபளப்பு வந்தாலும் வேண்டாம்.

## அடித்துத் தேய்ப்பதா, ஊற வைப்பதா?

பால் அடிப்பிடித்த பாத்திரத்தை உடனே கரண்டியால் சுரண்டுவது ஒரு வழி. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தேய்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் பாத்திரம் பிழைக்கும். டீடெய்லிங்கில் நேரம் போவது பெரும்பாலும் இங்கேதான். சோப்பு வேலை செய்யச் சில நிமிடம் தேவை, ஆனால் அது பரப்பில் காய்ந்துவிடவும் கூடாது. நம் வெயிலில் பெயிண்ட் மேல் சோப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும், என் டேங்க் கதை மாதிரி. அதனால்தான் நல்ல ஷெட்டுகள் விடியற்காலையில் ஆரம்பிக்கின்றன, அல்லது கூரைக்குக் கீழே வேலை செய்கின்றன. "பத்து மணிக்கு வண்டியை விடுறேன், பன்னிரண்டுக்குக் கொடுத்துடு" என்றால் கிடைப்பது வாட்டர் சர்வீஸ்தான், பெயர் எதுவாக இருந்தாலும்.

சோப்புக்கும் அசையாத சில உண்டு. பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் பதிந்து பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது. இரும்பைக் கண்டால் ஊதா நிறமாக மாறி அதைக் கரைத்துவிடும். தாருக்குத் தனிக் கரைப்பான்.

## பாலிஷ் என்பது பூச்சு அல்ல

அதிகக் குழப்பம் இந்தச் சொல்லில்தான். ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல மேலே ஏதோ பூசுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது.

பழைய சென்னை வீடுகளின் மொசைக் தரை நினைவிருக்கும். தரை மங்கிப்போனால் மெஷின் கொண்டுவந்து, முதலில் சொரசொரப்பான கல், பிறகு நைஸான கல் என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கீறல் நிரம்புவதில்லை, சுற்றியுள்ள தரை கீறலின் ஆழம் வரை இறங்குகிறது. எல்லாம் சமமானதும் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. அதைத்தான் நம் கண் பளபளப்பு என்று சொல்கிறது. பெயிண்டிலும் காம்பவுண்டு என்ற பசையையும் சுழலும் மெஷினையும் வைத்து இதே வேலைதான் நடக்கிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. மொசைக் தரையில் தேய்க்க நிறைய இருக்கிறது. பெயிண்டில் இல்லை. பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு, எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட இரண்டு தலைமயிரைச் சேர்த்து வைத்த கனம்தான். ஒவ்வொரு தடவை காம்பவுண்டு அடிக்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. வருடா வருடம் 'ஃபுல் பாலிஷ்' செய்தால் மேலடுக்கு மெலிந்துகொண்டே போகும். ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு நல்ல தொழில்காரரின் முடிவுதான்.

லாரிகளில் இன்னொரு சிக்கல். பல வண்டிகளில் கிளியர் கோட்டே இருக்காது, நிறமே மேலடுக்கு. தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். அது தவறு நடந்ததற்கு அறிகுறியல்ல, பயப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், கையால் எழுதிய பெயர்கள். மகள் பெயர், குலசாமி பெயர், பின்னால் வரைந்த மயில், தாமரை எல்லாம் எனாமல் பெயிண்டில் பெயிண்டர் கையால் போட்டவை. காம்பவுண்டும் தார்க் கரைப்பானும் அவற்றை அழித்துவிடும். நான் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன், எழுத்து உள்ள இடங்களை எல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிடுவேன். பெயிண்ட் போனால் திரும்ப அடிக்கலாம், அந்தக் கை எழுத்து திரும்ப வராது.

## கோட்டிங்: தோசைக்கல் பழக்குவது போல

புது இரும்புத் தோசைக்கல்லில் தோசை ஒட்டும். எண்ணெய் தடவிச் சுட்டுச் சுட்டுப் பழக்கினால் கல்லின் மேல் கெட்டியான ஒரு படலம் உருவாகும், அப்புறம் ஒட்டாது. மாவு படாமல் இருப்பதில்லை, பட்டாலும் பிடித்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான் கோட்டிங்.

மெழுகு வகை நம் வெயிலில் சில வாரங்களுக்குத் தாங்கும். செயற்கைப் பாலிமர் வகை அதைவிடக் கூடுதலாக. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். பெயிண்டோடு பிணைந்து கெட்டியாகும், இன்னும் நீண்டு நிற்கும். ஆனால் அதன் கனமும் மைக்ரான் கணக்குத்தான். முன்னால் போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லியை அது தடுக்காது. 'கீறலே விழாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, ரோடு ஃபிலிமை எடுக்காமல் கோட்டிங் போட்டால் அழுக்கைத்தான் பத்திரப்படுத்துகிறோம். விரல் துணியில் கோடு விழாத பிறகே கோட்டிங் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

சுருக்கமாக: சோப்பு ஒட்டியதை எடுக்கிறது, பாலிஷ் கெட்டதைத் தேய்த்துச் சமன் செய்கிறது, கோட்டிங் மீண்டும் ஒட்டுவதைக் குறைக்கிறது. மூன்றும் மூன்று வேலை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

## கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி

என்னைக் கேட்டால், பட்ஜெட் குறைவாக இருக்கும் ஓனர் கேபின் பாலிஷை விட்டுவிட்டு அடிப்பகுதிக்குச் செலவு செய்யட்டும். உப்பு வேலை பார்ப்பது அங்கேதான்.

வண்டிக்கு அடியில் டீசல் அடித்தால் துரு பிடிக்காது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. டீசல் கொஞ்ச நாளைக்குத் தண்ணீரைத் தள்ளும், உண்மை. ஆனால் தூசியையும் சாம்பலையும் இழுத்துப் பிடித்து, உப்பை உள்ளே வைத்து மூடிவிடும். ரப்பர் புஷ்ஷும் ஹோஸும் ஊதிப்போகும். அதைவிட நல்ல தண்ணீரால் உப்பைக் கரைத்து வெளியேற்றி, நன்றாகக் காயவிட்டு, துருக்காப்பு மெழுகு அடிப்பது மேல்.

எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பது இன்னொரு பழக்கம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதற்கப்புறம் வருடா வருடம். தேதி நெருங்கியதும் துருவின் மேலேயே கறுப்பு பெயிண்ட் ஏறிவிடும். உள்ளே துரு தொடர்ந்து தின்னும், மேலே தோல் மட்டும் அழகாக இருக்கும். சேஸிஸ் இரும்பில் விட்ட விரிசல், ஏர் லைனில் கசிவு, தளர்ந்த போல்ட், எல்லாம் அந்தக் கறுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். சுத்தமான சேஸிஸில் விரிசல் ஒரு மெல்லிய பழுப்புக் கோடாகத் தானாகவே தெரியும். வெல்டிங் பக்கம் அப்படி ஒரு கோட்டைக் கண்டால் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஓனருக்கு போன் போடுவோம்.

பிரஷர் தண்ணீர் எங்கே படக்கூடாது என்பது டீடெய்லரின் அறிவில் பெரிய பங்கு. வீல் பேரிங் சீல், ஒயரிங் கனெக்டர், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டிய பிரதிபலிப்பு டேப்பின் ஓரம், இங்கெல்லாம் துப்பாக்கியை நேராகக் காட்டக்கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும், டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் டெஃப் திரவமும் பரவலாகிவிட்டது. 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். சிந்திக் காய்ந்தால் மூடியைச் சுற்றி வெள்ளைக் கற்கண்டு மாதிரி கட்டும். பிளேடால் சுரண்டவும் வேண்டாம், டீசல் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். வெந்நீரில் தானாகக் கரைந்துவிடும்.

கழுவி முடித்ததும் கிரீஸ். ஃபிஃப்த் வீலில் பழைய கிரீஸ் மண்ணோடு கலந்து அரைக்கும் பசையாகியிருக்கும். அதை வழித்து எடுத்துப் புதிதாகப் பூசாமல் வண்டியை வெளியே விட்டால், இரும்போடு இரும்பு உரசும். கழுவியதால் கெட்டது என்று பெயர் வாங்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தவறவிட்டவை.

## கேபின்: ஒருவர் வாழும் அறை

கார் உள்ளே ஒரு மணி நேரம் உட்காருகிறோம். லாரி கேபினில் ஒருவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மழையில் துணி காயப்போடுகிறார். வரிசை நகராத நாளில் அதுதான் அவருக்கு வீடு. அந்த அறையை வெறும் வாசனை ஸ்பிரே அடித்துக் கொடுப்பதை நான் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாற்றத்துக்கு எப்போதும் ஒரு மூலம் இருக்கும். பெரும்பாலும் சீட்டு நுரைக்குள் இறங்கிய வேர்வையும் ஈரமும், அதில் வளர்ந்த பூஞ்சையும். குறைந்த சோப்புத் தண்ணீரை விட்டு, உறிஞ்சும் மெஷினால் இழுத்து, முழுக்கக் காயவிட்டால் நாற்றம் போய்விடும். நிறைய தண்ணீர் ஊற்றினால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. பழைய லாரியில் கேபின் தரையை ஹோஸ் போட்டுக் கழுவினார்கள். இன்றைய வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அது கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. ஏசி என்றால் ஜன்னல் மூடியிருக்கும், உள்ளே இருப்பதே சுற்றிச் சுற்றி வரும். ஃபில்டரும் தண்ணீர் வடியும் குழாயும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் இப்போது கேபின் வேலையோடு சேர்ந்துவிட்டது.

டேஷ்போர்டில் வழவழ எண்ணெய் வேண்டாம். எதிர்வெயிலில் அது கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும், தூசியையும் பிடிக்கும். சாமி படத்தையும், டேஷ்போர்டில் வைத்திருக்கும் சில்லறைப் பொருளையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் வேலைக்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.

## ஷெட்டுக்காரரிடம் என்ன கேட்பது?

விலையை முதலில் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் மருந்துச் செலவைவிட ஆள் கூலிதான் பெரிது, அதனால் நேரத்தைக் கேட்டாலே விலை நியாயமா என்று தெரிந்துவிடும். அலுமினியத்துக்கு எந்தச் சோப்பு என்று கேளுங்கள். 'எல்லாத்துக்கும் ஒண்ணுதான்' என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். பாலிஷ் என்றால், முதலில் ஓர் ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி செய்து காட்டச் சொல்லுங்கள். கழுவிய பிறகு கிரீஸ் அடிப்பது கணக்கில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

முழு டீடெய்லிங் மாதாமாதம் தேவைப்படாது. கடலோரம் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவிவிட்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை முழு வேலை செய்தால் போதும். அதில் ஒன்றைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் சேஸிஸ் காய்வதற்கு வெயில் கிடைக்காது, ஈரத்தின் மேல் அடித்த துருக்காப்பு நிற்கவும் நிற்காது.